"மிஷினை ஏன் தொடறே?": வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

பவதாரிணி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பாடகியாகவே அவரை நினைவில் வைத்திருக்கிறோம், இசையமைப்பாளராக மறந்துவிட்டோம் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் கேட்கத் தோன்றியது.

நான் குடியாத்தம். பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்திருக்கிறேன். எங்கள் சர்ச்சில் சவுண்ட் பார்த்த அண்ணன் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டதால், ஞாயிறு ஆராதனைக்கு மிக்ஸரை இப்போது நான்தான் பார்க்கிறேன். வேறு ஆள் இல்லையே என்று உட்கார்ந்தேன், பிடித்துப்போய்விட்டது. பாடவும் செய்வேன், சுமாராக. வேலூரில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய், ரெக்கார்டிங் கற்றுக்கொள்ள வரலாமா என்று கேட்டேன். "பாட வந்தியாம்மா?" என்றார். இல்லை என்றதும், "இது நைட் வேலை, பொண்ணுங்களுக்குச் சரிப்படாது. தம்பி இருந்தா அனுப்பு" என்றார். என் தம்பிக்கு இதில் துளிகூட ஆர்வம் கிடையாது.

அப்பா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். கோபக்காரர் இல்லை. "பாடு, யாரு வேணாம்னா? மிஷினை ஏன் தொடறே?" என்கிறார். இந்த வேலையில் பெண்களே இல்லையா? முதலில் பாடகியாக உள்ளே போய்விட்டு, அப்புறம் இந்தப் பக்கம் வரலாமா? சென்னைக்குப் போனால்தான் ஆகுமா?

பெயர் வேண்டாம்,
குடியாத்தம்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நிறையப் பேர் வருஷக்கணக்கில் நேரத்தை விடுவது அங்கேதான். பாடகியாக உள்ளே போய் அப்புறம் மிக்ஸர் பக்கம் நகர்ந்துகொள்ளலாம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பெரும்பாலும் நடப்பதில்லை. பாட வருகிறவருக்கு மைக் அறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இடம். ட்ராக் கேட்பார், நாலு டேக், தவறிய வரியை மட்டும் மறுபடி பாடிச் சேர்க்கிற ஒன்றிரண்டு பஞ்ச், "சூப்பர்மா, ஓகே", கிளம்பிவிடுவார். அவர் செருப்பு மாட்டிக்கொண்டு போன பிறகுதான் இந்தப் பக்கத்து வேலை தொடங்கும். எந்த டேக்கில் எந்த வரி நன்றாக இருக்கிறது என்று பொறுக்குவது, சுருதி விலகிய இடத்தைப் பார்ப்பது, எந்த மூச்சை விட்டுவைப்பது, எதை வெட்டுவது என்று முடிவு செய்வது. பாடிப் பாடி இதைக் கற்பது, கல்யாணத்தில் சாப்பிட்டுச் சாப்பிட்டுச் சமையல் கற்பது போலத்தான்.

நம் பக்கத்துச் சின்ன ஸ்டுடியோக்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆடி மாதத்து அம்மன் பாட்டு, ஜெபப் பாட்டு, தேர்தல் பாட்டு, பள்ளி ஆண்டுவிழாவுக்கு டான்ஸ் ட்ராக் வெட்டி ஒட்டுவது, துணிக்கடைத் தள்ளுபடிக்கு ஆட்டோவில் ஒலிக்கும் அறிவிப்பு எல்லாம் ஒரே அறையில் நடக்கும். "வாங்கம்மா வாங்க" என்கிற குரல் பெண்ணுடையது, பதிவு செய்கிற கை ஆணுடையது. அங்கே ஒரு பையன் இருப்பான். டீ வாங்கி வருவான், கேபிள் சுருட்டுவான், ஸ்டாண்டு தூக்கி வைப்பான். ராத்திரி பதினொன்றுக்கு எல்லோரும் போன பிறகும் ஸ்டுடியோக்காரர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பான். ஒருநாள் அவர் போன் பேச வெளியே போவார். "நீ இந்த பிட்டை எடுத்துடுடா" என்பார். அவ்வளவுதான், அவன் நாற்காலிக்கு வந்துவிட்டான். யாரும் பரீட்சை வைக்கவில்லை, திறமையை அளக்கவில்லை. அந்த ஸ்டூலில் அவன் அத்தனை மணி நேரம் இருந்தான், அதுதான் அவனுடைய படிப்பு. உங்களுக்குக் கிடைக்காதது அந்த ஸ்டூல். "பொண்ணுங்களுக்குச் சரிப்படாது" என்று அவர் சொன்னதை அதோடு நிறுத்திப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் காதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

பெண்களே இல்லையா என்று கேட்டீர்கள். இருந்தார்கள், இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எந்த வழியில் வந்தார்கள் என்று பாருங்கள். பி.பானுமதி 1954-இல் 'சக்ரபாணி' படத்துக்கு இசையமைத்தார். அது அவருடைய சொந்தக் கம்பெனியான பரணி பிக்சர்ஸ் தயாரித்த படம். விஜய் கதாநாயகனாக அறிமுகமான 'நாளைய தீர்ப்பு' (1992) படத்துக்கு இசை எம்.எம்.ஸ்ரீலேகா, மணிமேகலை என்ற பெயரில். கீரவாணி குடும்பத்துப் பெண். ஏ.ஆர்.ரெஹானா யார் வீட்டுப் பெண் என்று சொல்ல வேண்டியதில்லை, பவதாரிணியும் அப்படியே. யாருடைய திறமையையும் குறைத்துச் சொல்லவில்லை. பவதாரிணிக்கு தேசிய விருது அப்பா வாங்கிக் கொடுத்ததல்ல. ஆனால் இவர்களுக்கெல்லாம் ஸ்டுடியோ வீட்டுக்குள்ளேயே இருந்தது. ராத்திரி பதினொன்றுக்கு எப்படி வீடு திரும்புவது என்ற கேள்வியே எழவில்லை.

வீட்டில் ஸ்டுடியோ இல்லாமல் வந்தவர் என்று எனக்கு உடனே நினைவுக்கு வருகிறவர் சரஸ்வதி தேவி. பார்சிப் பெண், இயற்பெயர் குர்ஷித். வானொலியில் பாடிக்கொண்டிருந்தவரை பம்பாய் டாக்கீஸ் என்ற படக் கம்பெனி இசையமைப்பாளராக எடுத்துக்கொண்டது. 1936-இல் வந்த 'அச்சூத் கன்யா' அவர் இசைதான். தங்கள் பெண் சினிமாவில் வேலை செய்வதைப் பார்சிகள் எதிர்த்ததால் பெயரை மாற்றிக்கொண்டார். பாட்டிலிருந்து வந்தவர்தானே என்று நீங்கள் என்னை மடக்கலாம். சரி, வந்தார். ஆனால் கம்பெனியே சம்பளத்துக்கு ஆள் வைத்துப் படம் எடுத்த காலம் அது. இன்று அப்படியொரு வேலை ஏது?

ஒலிப்பொறியாளர்கள் இன்னும் அரிது. இந்தியத் திரைத்துறையின் முதல் பெண் ஒலிப்பொறியாளர் என்று ஹைதராபாத்தின் சாஜிதா கானைச் சொல்கிறார்கள். முதல் பெண் விமானி, முதல் பெண் ஐ.பி.எஸ். என்பதெல்லாம் பொது அறிவுப் புத்தகத்தில் பழைய பக்கத்துக்குப் போய்விட்ட நாட்டில், இங்கே முதல் ஆள் இன்னும் நம்மோடு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். வெளியூரிலும் பெருமைப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 2012 முதல் 2017 வரை ஹிட்டான பாடல்களை ஒரு பல்கலைக்கழகக் குழு அலசியது. பாடியவர்களில் பெண்கள் 22.4 சதவீதம், எழுதியவர்களில் 12.3. பாட்டின் ஒலியை உருவாக்கி முடிக்கிற மியூசிக் ப்ரொட்யூசர்களில் 2 சதவீதம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வர வர எண்ணிக்கை எப்படி விழுகிறது பாருங்கள்.

இப்போது அப்பாவின் கேள்வி. மிஷினை ஏன் தொடுகிறாய்? ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்துகொண்டு அவர் இதைக் கேட்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. அவருடைய லைனில் தையல் மிஷின்களில் உட்கார்ந்திருப்பவர்கள் யார்? விடிகாலையில் கிராமம் கிராமமாகக் கம்பெனி பஸ் போய் ஏற்றிக்கொண்டு வருகிறதே, அதில் பெரும்பாலும் யார்? சண்டைக்காக இல்லை, சும்மா கேட்டுப் பாருங்கள்.

நைட் வேலை என்ற பேச்சும் அப்படித்தான். வேலூரில் இருந்துகொண்டு இதை எப்படிச் சொல்ல முடிகிறது என்று தெரியவில்லை. ஐடா ஸ்கடர் 1918-இலேயே பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர். இன்று ராத்திரி சி.எம்.சி. மருத்துவமனை வார்டுகளில் விழித்திருக்கிற நர்ஸ்களை எண்ணி முடியுமா? ஹாஸ்டல் இருக்கிறது, ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடியும் என்று தெரிகிறது, பக்கத்து வார்டில் இன்னொரு பெண் இருக்கிறார். அதனால் பெற்றோர் அனுப்புகிறார்கள். ஸ்டுடியோவில் இதில் ஒன்றுகூடக் கிடையாது. எத்தனை மணிக்கு முடியும் என்று ஸ்டுடியோக்காரருக்கே தெரியாது. ஆகவே ராத்திரியின் மேல் பழி போட வேண்டாம்.

பாட்டு வழியாக வேண்டாம், மிஷின் வழியாகவே போங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் சூசன் ரோஜர்ஸ் என்று ஒருவர். 1978-இல் டேப் மிஷின் பழுது பார்க்கிற இடத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். 1983-இல் பாடகர் பிரின்ஸுக்கு டெக்னீஷியன் தேவைப்பட்டது, இவர் போனார். வேலை என்னவோ மிஷின்களைச் சரிசெய்து கொடுப்பதுதான். ஆனால் மிஷின் தெரிந்த ஆள் ராத்திரி பகல் அங்கேயே இருக்கிறார், பிரின்ஸுக்கோ நினைத்த நேரத்தில் பதிவு செய்தாக வேண்டும். மைக்கை வை, நாற்காலியில் உட்கார் என்றார். பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெயின்' ஆல்பம் காலத்திலிருந்து நாலைந்து வருஷம் அவருடைய என்ஜினியர் அந்த அம்மாள்தான். பிற்பாடு இசையைக் காது எப்படிக் கேட்கிறது என்பதில் முனைவர் பட்டம் வாங்கிப் பேராசிரியரானார்.

இன்னொருவர் இங்கிலாந்தின் டீலியா டெர்பிஷைர். கேம்பிரிட்ஜில் கணக்கும் இசையும் படித்தவர். 1959-இல் டெக்கா என்ற இசைத்தட்டுக் கம்பெனியில் வேலை கேட்டார். ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் பெண்களை வைத்துக்கொள்வதில்லை என்றார்கள். உங்களுக்கு வேலூரில் கிடைத்த அதே பதில், தம்பியை மட்டும் கேட்கவில்லை. அவர் பி.பி.சி.க்குப் போனார். 1963-இல் 'டாக்டர் ஹூ' என்ற டிவி தொடரின் முகப்பிசையைச் செய்தார். இசையமைப்பாளர் ரான் கிரைனர் எழுதிக் கொடுத்த மெட்டு ஒரு தாளில் இருந்தது. கீபோர்டு சின்தசைசர் வராத காலம். மின்சாரத்தால் ஒலி எழுப்பும் ஆஸிலேட்டரிலிருந்தும் ஒரு கம்பியைத் தட்டியும் ஒலி எடுத்து, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக டேப்பில் பதிந்து, சுரத்தின் நீளத்துக்கு டேப்பை வெட்டி ஒட்டினார். கேட்ட கிரைனர், இதையா நான் எழுதினேன் என்று அசந்துபோனாராம். ராயல்டியில் பாதி கொடுக்க முன்வந்தார், பி.பி.சி. விதிகள் இடம் கொடுக்கவில்லை. திரையில் டீலியா பெயர் வந்தது 2013-இல், அவர் இறந்து பல வருஷம் கழித்து. இது எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

உங்களிடம் ஏற்கெனவே ஒரு ஸ்டூல் இருக்கிறது, சர்ச் மிக்ஸர்தான். அதை விடாதீர்கள். மைக் 'கீச்' என்று கத்துகிறதே, அப்போது சத்தத்தை ஏற்றி இறக்குகிற ஃபேடரை மொத்தமாக இறக்குவதுதான் எல்லோரும் செய்வது. நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். ஆள் இல்லாத நேரத்தில் நீங்களே மெதுவாகக் கத்த வைத்து, மேல், கீழ் ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற ஈக்யூவில் எந்த இடத்தைக் குறைத்தால் அடங்குகிறது என்று தேடுங்கள். ஊதல் போல வந்தால் மேலே, 'ஊம்' என்று வந்தால் கீழே. தேடித் தேடி ஒரு கட்டத்தில் பார்க்காமலே கை அங்கே போகும். புத்தகத்தில் இது வராது. மைக் ஒலி உள்ளே வருகிற அளவுதான் கெயின், அதை உச்சியில் வைத்துவிட்டு ஃபேடரில் மிச்சம் பிடிக்காதீர்கள், மைக் வருகிற இடத்திலேயே சிதறிவிட்டால் பிறகு சரிசெய்ய வழியில்லை.

மிக்ஸரில் யு.எஸ்.பி. இருந்தால் ஆராதனையை லேப்டாப்பில் பதிந்து வீட்டில் கேளுங்கள். பதிவு செய்கிற சாஃப்ட்வேரில் ஆடாசிட்டி இலவசம், ரீப்பர் 60 டாலர். வீட்டில் குரல் பதிவதாக இருந்தால் முட்டை அட்டை வாங்கிச் சுவரில் ஒட்டாதீர்கள். வெளியே போகிற பஸ் சத்தத்தை அது தடுக்காது. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, பின்னால் மெத்தையை நிறுத்தினாலே எதிரொலி குறையும். மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பதிவு செய்வது என்ன பாடு என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஈயத்தை உருக்கிக் கம்பியைப் பற்றவைக்கிற சால்டரிங் கற்றுக்கொள்ளுங்கள். மைக் கேபிளில் மூன்று முனைதான்: 1 கிரவுண்ட், ஒலியைச் சுமக்கிற கம்பிகள் 2 ஹாட், 3 கோல்ட். ஆராதனை தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது செத்த கேபிளை உயிர்ப்பிக்கத் தெரிந்த ஆளை, பெண் என்பதற்காக யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள்.

சென்னை? போகலாம், ஆனால் படிக்கப் போங்கள். ஒலிப்பதிவுப் படிப்பு தரமணி அரசுத் திரைப்படக் கல்லூரியில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு உண்டு. பட்டதாரிகளுக்குப் புனேயிலும் கொல்கத்தாவிலும் இருக்கிறது. இயற்பியல் உங்களுக்குச் சாதகம். ஏலகிரி எக்ஸ்பிரஸ்ஸில் சீசன் எடுத்துத் தினமும் போய் எடுபிடியாகக் கற்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மாலை ஏலகிரி கிளம்புகிற நேரத்தில்தான் பல ஸ்டுடியோக்களில் வேலையே சூடு பிடிக்கும்.

ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொந்தரவு நடந்தால், அதற்கான 2013 சட்டப்படி மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். இரண்டு பேர் இருக்கிற ஸ்டுடியோவுக்கும் அது பொருந்தும்.

வேலூர் ஸ்டுடியோவுக்கு மறுபடி போகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்கிறேன். போங்கள். இந்த முறை கற்றுக்கொள்ள வரலாமா என்று கேட்க வேண்டாம். உங்கள் சர்ச் பாடகர் குழுவை நீங்களே பதிந்து மிக்ஸ் செய்த இரண்டு பாட்டை எடுத்துப் போய்ப் போட்டுக் காட்டுங்கள். பகல் பத்திலிருந்து ஐந்து வரை வருகிறேன், ஆண்டுவிழா ட்ராக்கும் ஆட்டோ அறிவிப்பும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். அந்த வேலைகளைச் செய்ய அவருக்கே அலுப்பாகத்தான் இருக்கும். அவர் மசியாவிட்டால் வேலூரில் ஸ்டுடியோ அவருடையது மட்டுமா?

டீலியா விஷயம் இதற்குத்தான். நீங்கள் பதிந்த பாட்டை யூடியூபில் ஏற்றுவார்கள். பாடியவர், எழுதியவர், ஆசி வழங்கியவர், கேமரா பிடித்தவர் எல்லோர் பெயரும் இருக்கும். 'ஒலிப்பதிவு' என்று உங்கள் பெயரையும் ஏற்றுவதற்கு முன்பே எழுதி அனுப்பிவிடுங்கள். ஏற்றிய பிறகு கேட்டால், "அடுத்த பாட்டுல போட்டுடலாம்மா" என்பார்கள்.

அன்புடன்,
அக்கா