130 பக்கங்களை நீங்களே எழுதியதுதான் சிக்கல்

கேள்வி: திருநெல்வேலிப் பக்கத்துப் பறவைகளுக்காக யாரும் எழுதித் திருத்தக்கூடிய ஒரு விக்கி தளத்தை இரண்டு வருடமாக நடத்துகிறேன். 140 பக்கங்களில் 130 நான் எழுதியவை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 60 பேர், தினமும் படம் போடுகிறார்கள். விக்கியில் எழுத வாருங்கள் என்றால் கட்டைவிரல் எமோஜியோடு சரி. ஆள் சேர்ப்பது எப்படி?

பதில்: நீங்கள் அனுப்பிய மஞ்சள்மூக்கு நாரைப் பக்கத்தைப் படித்தேன். தோற்றம், இரை, கூடு, குஞ்சு என ஒன்றையும் விடவில்லை. புதிதாக வருகிறவர் வாசித்துவிட்டுப் போகலாம். தொட்டு எழுத அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

விக்கிப்பீடியாவுக்கு முன்னோடியான நூபீடியா 2000இல் தொடங்கியது. அறிஞர்கள் எழுத வேண்டும், ஏழு கட்டப் பரிசீலனை தாண்ட வேண்டும் என்று கறாராக நடத்தினார்கள். 2003இல் மூடியபோது முடிந்திருந்த கட்டுரைகள் 30கூட இல்லை. அதற்குத் துணையாக 2001 ஜனவரியில் ஆரம்பித்த, யாரும் கைவைக்கக்கூடிய விக்கிதான் பிழைத்துக்கொண்டது.

எனவே இனி முழுக் கட்டுரை எழுதுவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். மூன்று வரிக் குறுங்கட்டுரையாகப் போட்டுவிட்டு, சிவப்பு இணைப்புகளை, அதாவது இன்னும் எழுதப்படாத பக்கங்களுக்கான இணைப்புகளை, அப்படியே விட்டுவையுங்கள். நிரப்பச் சொல்வதற்குப் பெயர்களைப் போல வசதியான விஷயம் இல்லை. ஒரே பறவையைச் செம்போத்து என்பார் ஒருவர், செண்பகம் என்பார் இன்னொருவர். “உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர்?” என்று கேட்டால் பறவையியல் தெரியாதவரும் பதில் சொல்வார். அந்தப் பெயரில் தேடுபவரை உரிய கட்டுரைக்கே கொண்டுசேர்க்கும் வழிமாற்றுப் பக்கம் ஒன்று போடச் சொல்லித்தாருங்கள். ஒரு நிமிட வேலைதான்.

குழுவில் பொதுவாக அழைப்பு விடுவதில் பயனில்லை. 60 பேரைக் கேட்டால், மற்ற 59 பேர் பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் ஒவ்வொருவரும் நினைப்பார்கள். கூந்தன்குளத்தில் பட்டைத்தலை வாத்தைப் படம் எடுத்தவரைத் தனியாகப் பிடியுங்கள். என்றைக்குப் பார்த்தார், எத்தனை இருந்தன என்று ஒரு வரி, அவர் கையாலேயே. படத்தையும் அவரே ஏற்றட்டும். எடுத்தவர்தான் உரிமம் கொடுக்க முடியும்.

அப்புறம், அந்த முதல் வரியை என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் இதில் சூடு பட்டவன். செம்போத்தை மருந்துக்காகப் பிடிப்பார்கள் என்று ஒருவர் எழுத்துப்பிழையும் சந்திப்பிழையுமாக ஒரு வரி சேர்த்திருந்தார். ஆதாரம் இல்லை என்று பத்தே நிமிடத்தில் நீக்கிவிட்டேன். மனிதர் திரும்ப வரவே இல்லை. இன்றைக்கு என்றால் ‘உள்ளூர் நம்பிக்கைகள்’ என்று தலைப்பிட்டு, அந்த வரியை அதன்கீழ் வைத்து, “எந்த ஊரில் கேட்டீர்கள்?” என்று உரையாடல் பக்கத்தில் விசாரித்திருப்பேன். எழுத்துப்பிழையை மறுநாள் திருத்திக்கொள்ளலாம்.

நான்கைந்து முறை வந்தவர் ஒருவருக்கு நிர்வாகி அனுமதியைக் கொடுத்துவிடுங்கள். பயமாகத்தான் இருக்கும். ஆனால் விக்கியில் பழைய பதிப்பு எப்போதும் வரலாற்றில் இருக்கும், கெட்டுப்போனால் மீட்டுக்கொள்ளலாம். டொமைனை (தளத்தின் இணைய முகவரியை) புதுப்பிக்கும் தேதியும் கடவுச்சொல்லும் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வருகிறது. குளக்கரையில் எல்லோரும் டீ குடிக்க உட்காரும்போது உங்கள் போனை எடுக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் போனில் விக்கியைத் திறந்து, ‘தொகு’ பொத்தான் எங்கே என்று மட்டும் காட்டுங்கள்.