கட்டடப் படங்களில் கோணல் நீக்குவது: கேள்வி பதில்

கே (திருச்சி): தஞ்சைப் பெரிய கோயில் விமானம் எப்போது எடுத்தாலும் பின்பக்கம் சாய்ந்த மாதிரி வருகிறது. அகல லென்ஸ் போட்டதுதான் தப்பா சார்?

ப: லென்ஸ் மேல் தப்பில்லை. கேமராவை அண்ணாந்து பிடித்ததால் வந்தது அது. சென்சார் (படம் பதியும் தகடு) சுவருக்கு இணையாக நின்றால் 14 மி.மீ. லென்ஸிலும் தூண்கள் நேராகத்தான் விழும்.

பெரிய கோயிலையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபுல் ஃப்ரேம் கேமரா (சென்சார் 36 × 24 மி.மீ.), 24 மி.மீ. லென்ஸ், நெடுக்குவாட்டுப் படம். சென்சாரின் நடுவிலிருந்து மேல் விளிம்பு 18 மி.மீ. அதை 24-ஆல் வகுத்தால் முக்கால். கேமரா மட்டமாக இருந்தால், நிற்கும் தூரத்தில் முக்கால் பங்கு உயரம்தான் கேமராவுக்கு மேலே அடங்கும். விமானம் சுமார் 216 அடி. கேமரா உயரம் 5 அடி போக 211. ஆக 281 அடி தள்ளி நிற்க வேண்டும். பிராகாரத்தின் அகலமே சுமார் 400 அடி; விமானம் அதன் நடுவில் இருக்கிறது. பக்கவாட்டில் 200 அடிகூடக் கிடைக்காது. அதனால்தான் எல்லோரும் அண்ணாந்து எடுக்கிறார்கள்.

கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தும் ஷிஃப்ட் லென்ஸ் இதற்கென்றே வந்தது. நிக்கான் 35 மி.மீ.யில் 1962-லேயே ஒன்று கொண்டுவந்தது. 24 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸை 12 மி.மீ. மேலே தள்ளினால் 18-க்குப் பதில் 30. 169 அடியிலேயே உச்சி அடங்கிவிடும். அவ்வளவு பணம் வேண்டாம் என்றால் போனின் 0.5 என்ற அகல லென்ஸ் போதும். போனைத் துளியும் சாய்க்காமல் நிமிர்த்திப் பிடியுங்கள். கீழ்ப்பாதி முழுக்கத் தரையாக வரும், அதை வெட்டிவிடுங்கள். தெளிவு குறையும், கோணல் வராது.

கே (மதுரை): லைட்ரூம் மென்பொருளில் கோபுரத்தின் இரண்டு ஓரத்திலும் கோடு போட்டு நேராக்கினேன். கோபுரம் பீரோ மாதிரி ஆகிவிட்டது!

ப: கோபுரம் மேலே போகப் போகக் குறுகும்படி கட்டியது. அந்த ஓரத்தைச் செங்குத்து என்று மென்பொருளிடம் சொன்னால், ஸ்தபதி வைத்த சரிவைத்தான் அழிப்பீர்கள். வாசலின் நிலைக்கால்களில் கோடு போடுங்கள். பெரிய கோயிலில் என்றால் விமானத்தின் அடிச்சுவர் செங்குத்தாக எழும்பும் இடத்திலுள்ள அரைத்தூண்கள். கோயில் படங்களுக்கு ஆட்டோ பட்டனைத் தொடவே வேண்டாம்; அதுவும் சரிவை நம்பி ஏமாறும்.

கே (சேலம்): நேராக்கியதும் கலசம் வெட்டுப்பட்டுப் போகிறது.

ப: எடுக்கும்போது சுற்றி இடம் விடுங்கள். மேலே தாராளமாக, இரண்டு பக்கமும் அதைவிடத் தாராளமாக. இடம் விடாத படத்தை யாராலும் காப்பாற்ற முடியாது.

கே (கோவை): காசில்லாமல் எந்த மென்பொருள்?

ப: டார்க்டேபிள், ஜிம்ப். எதுவானாலும் லென்ஸ் வளைவை (லென்ஸால் நேர்கோடு வளைவதை) முதலில் திருத்திவிட்டு, பிறகு கோணலுக்குப் போங்கள். சுற்றி இடம் விட்டு எடுத்த படமாக இருக்கட்டும்.

கே (கும்பகோணம்): அண்ணாந்து பார்த்தால் என் கண்ணுக்கும் கோபுரம் குறுகித்தானே தெரிகிறது? அதை நேராக்குவது பொய்யில்லையா?

ப: நல்ல கேள்வி. அண்ணாந்து பார்க்கும்போது கழுத்து சாய்ந்திருப்பது மூளைக்குத் தெரியும். அந்தச் சாய்வைக் கழித்துக்கொண்டு, சுவர் நேர் என்று புரிந்துகொள்ளும். படத்தை நாம் தலை நிமிர்ந்து பார்க்கிறோம். கழிக்க ஒன்றுமில்லை, அதனால் கட்டடம் விழுவதாகத் தோன்றுகிறது. அதே படத்தைத் தலைக்கு மேலே சாய்த்துப் பிடித்து, ஒற்றைக் கண்ணால், கிட்டத்தில் பாருங்கள். கோணல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கே (மறுபடியும் கும்பகோணம்): அப்படியென்றால் தண்டவாளம் தூரத்தில் சேர்வதையும் திருத்துவீர்களா?

ப: மாட்டேன். தண்டவாளத்தை நேரிலும் தலை நிமிர்ந்துதான் பார்க்கிறோம், படத்திலும் அப்படியே. உறுத்தாது. கட்டடத்தின் பக்கச்சுவர் தூரப் போகப் போகச் சிறுத்தாலும் அதைத் தொட மாட்டேன். லைட்ரூமின் கோணல் திருத்தும் வசதியான அப்ரைட்டில் (Upright) 'முழுமை' (Full) என்று ஒன்று உண்டு. கிடைக்கோடு, செங்கோடு இரண்டையும் நேராக்கப் பார்க்கும். மூலையிலிருந்து எடுத்த படத்தின் ஆழத்தையே அது தின்றுவிடும்.

கே (சென்னை, கட்டடக்கலைஞர்): நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். முழுசாக நேராக்கினால் உச்சி பெருத்துத் தெரிகிறதே? கும்பகோணத்துக்காரர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

ப: இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கிட்டே நின்று நன்றாக அண்ணாந்து எடுத்த படத்தில், உச்சியின் கொஞ்சம் பிக்சல்களை இழுத்துத்தான் அகலமாக்குகிறோம். அங்கே தெளிவும் போகும், உச்சியும் கனக்கும். அப்படிப்பட்ட படத்தில் கொஞ்சம் கோணலை விட்டுவைப்பேன். திருத்தியபின் கட்டடம் குட்டையானால் உயர அகல விகிதத்தை மாற்றும் ஆஸ்பெக்ட் ஸ்லைடரால் உயரத்தை மீட்க வேண்டும். எவ்வளவு என்று கண்ணளவில் முடிவு செய்யாதீர்கள். சதுரமான ஜன்னல் ஒன்றை நேர் எதிரே நின்று தனியாக எடுத்து வந்து ஒப்பிடுங்கள். ரொம்பவும் அண்ணாந்து எடுத்தது என்றால் அண்ணாந்த படமாகவே விடுங்கள். அதற்கும் ஓர் அழகு உண்டு.

கே (ஈரோடு): நேராக்கினால் ஓரம் வெட்டுப்படுகிறது, என்ன செய்ய?

ப: சேலத்துக்காரருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கே (நெல்லை): அகல லென்ஸால்தானே சாய்கிறது?

ப: இல்லை. முதல் பதில்.

கே (திருவண்ணாமலை): கோயிலில் ட்ரைபாட் வைக்கலாமா?

ப: தொல்லியல் துறையின் கோயில் என்றால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். மற்ற கோயில்களில் அலுவலகத்தில் விசாரியுங்கள். கையில் பிடித்தே எடுப்பதானால் கேமராவின் மட்டக்கோட்டைத் திரையில் போட்டுக்கொள்ளுங்கள். பக்கவாட்டுச் சாய்வை மட்டுமின்றி முன்பின் சாய்வையும் காட்டுகிறதா என்று பாருங்கள். நமக்கு வேண்டியது இரண்டாவது.

கே (வேலூர்): ட்ரோன் வீடியோவில் கட்டடம் ஆடுகிறது.

ப: வீடியோ என் துறை இல்லை. அது தெரிந்தவரிடம் கேளுங்கள்.