முன்னாள் ராணுவ வீரரான அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பை எப்படித் திரட்டி எழுதுவது?

அப்பா 1960களில் பட்டாளத்தில் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர், பணியைப் பற்றி வீட்டில் வாய் திறந்ததில்லை, நினைவு மலருக்கு 4 பக்கம் எழுத வேண்டும், கையில் இருப்பது ஒரு ட்ரங்குப் பெட்டிதான் என்கிறீர்கள். பெட்டி இருந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் டிஸ்சார்ஜ் புக்கை, அதாவது பணியிலிருந்து விடுவிக்கும்போது ராணுவம் தரும் புத்தகத்தை எடுங்கள். சேர்ந்த தேதி, வெளிவந்த தேதி, ரேங்க், ட்ரேடு (பார்த்த வேலைப் பிரிவு), பதக்கங்கள், நன்னடத்தை எல்லாம் அதில் இருக்கும். பலரும் பார்க்காமல் விடுவது, வெளிவந்த காரணத்தைச் சொல்லும் அந்த ஒரு வரியை. பணிக்காலம் முடிந்து வந்தாரா, குடும்பச் சூழலைச் சொல்லி முன்பே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாரா என்பது அங்கே தெரிந்துவிடும். இரண்டாவது என்றால் அந்த வருடம் வீட்டில் என்ன நடந்தது என்று அம்மாவிடமும் அத்தைகளிடமும் கேளுங்கள். ஒரு முழுப் பக்கம் அதிலேயே கிடைக்கும். பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். அந்தக் கால ஆள்சேர்ப்பில் வயது முன்னே பின்னே பதிவானது சகஜம்.

அடுத்து பதக்கங்கள். பெரும்பாலான நினைவஞ்சலிகள் தவறுவது இங்கேதான். 1971 சங்ராம் மெடல் இருந்தாலே "வங்கதேசப் போரில் களம் கண்டவர்" என்று எழுதிவிடுகிறார்கள். சங்ராம் மெடல் அந்தக் காலத்தில் பணியில் இருந்தவர்களுக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்டது. கிழக்குக் களத்துக்கு பூர்வி ஸ்டார், மேற்குக் களத்துக்கு பஷ்சிமி ஸ்டார் என்று தனித்தனியாக உண்டு. 1965 போருக்கும் அதே கணக்கு: ரக்ஷா மெடல் பொதுவானது, சமர் சேவா ஸ்டார் களத்தில் இருந்தவர்களுக்கு. வட்டப் பதக்கங்களின் விளிம்பை பூதக்கண்ணாடி வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பாருங்கள். எண், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். பிராஸோ மாதிரி உலோகப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் அந்த எழுத்துதான் முதலில் மழுங்கும், தொடவே தொடாதீர்கள்.

பதக்க விளிம்பில் இருக்கும் எண்ணும் பென்ஷன் புத்தகத்தில் இருக்கும் எண்ணும் வேறாக இருந்தால் பயப்பட வேண்டாம். சுபேதாருக்கு முந்தைய ரேங்கான நாயப் சுபேதார் ஆனதும் 'ஜே.சி.' என்று தொடங்கும் புது எண் தருவார்கள். அவருடைய படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதும்போது இரண்டையும் குறிப்பிடுங்கள். எல்லோரும் வெலிங்டனுக்கு எழுதுகிறார்கள்; மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால்தான் வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை) என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை நாசிக் ரோடு கேம்ப், சிக்னல்ஸ் (தகவல் தொடர்புப் படை) ஜபல்பூர், ஈ.எம்.ஈ. (வண்டி, கருவி பழுதுபார்க்கும் படை) செகந்திராபாத். பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடுவது வழக்கம். லாங் ரோல் எனப்படும் நிரந்தரப் பெயர்ப் பேரேட்டில் சில வரிகள் மட்டும் மிஞ்சும். உங்கள் அப்பா பென்ஷன்தாரர், எனவே கேட்டுப் பார்க்கலாம்.

ராணுவக் காகிதங்கள் எலும்புக்கூடுதான். அவர் எங்கே குடும்பத்தோடு இருந்தார், எங்கே தனியாக இருந்தார் என்பதை அவை சொல்லாது. அதற்கு வீட்டுக் காகிதங்கள் வேண்டும். உங்கள் பிறப்புச் சான்றிதழில் மிலிட்டரி ஆஸ்பத்திரியின் பெயர் இருக்கிறதா? கேந்திரிய வித்யாலயா டி.சி.க்கள் எந்தெந்த ஊர்? தேதிவாரியாக அடுக்கினால் பேமிலி குவார்ட்டர்ஸ் கிடைத்த ஊர்கள் வரிசையாக வந்துவிடும். நடுவில் விழும் இடைவெளிகள் பெரும்பாலும் ஃபீல்டு, அதாவது குடும்பத்தை அழைத்துப் போக முடியாத களப் பகுதி. அந்த வருடங்களின் கடிதங்களில் ஊர்ப் பெயர் இருக்காது, ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சலக எண்தான் இருக்கும்: 56 ஏ.பி.ஓ. என்றால் பொதுவாக வடக்கு, மேற்கு, 99 ஏ.பி.ஓ. என்றால் கிழக்கு. மணியார்டர் துண்டுச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். "பீஸ் கட்டவும், அம்மாவுக்குக் கண்ணாடி வாங்கவும்" என்று அதன் அடியில் எழுதும் ஒரு வரி, "பாசமிகு தந்தை" என்று பத்து முறை எழுதுவதைவிடக் கனமானது. வருடத்தில் 2 மாத லீவு. அது அறுவடைக்கா, தங்கை கல்யாணத்துக்கா, பிரசவத்துக்கா, எதற்குப் போனது என்று அம்மாவைக் கேளுங்கள்.

பெட்டியின் மூடியையும் பாருங்கள். எண், ரேங்க், பெயர், யூனிட்டை வெள்ளைப் பெயின்டில் எழுதி, ப்ரமோஷன் வந்ததும் மேலேயே திருத்தி எழுதுவார்கள். அடியில் பழைய கீழ் ரேங்கான "நாயக்" தெரியலாம்.

அட்டைப் படத்துக்கு ஒன்று: பென்ஷன் காகிதங்களோடு கணவன் மனைவி சேர்ந்த ஜாயின்ட் போட்டோ கொடுக்க வேண்டும். பல வீடுகளில் இருவரும் சேர்ந்து எடுத்த நல்ல படம் அது ஒன்றுதான். படங்களை 600 டி.பி.ஐ., காகிதங்களை 300 டி.பி.ஐ. வைத்து ஸ்கேன் செய்யுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. அசல் டிஸ்சார்ஜ் புக்கும் பி.பி.ஓ.வும் (பென்ஷன் வழங்கும் உத்தரவு) அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்குத் தேவை, மலர் அச்சடிக்க வெளியே கொடுத்தனுப்ப வேண்டாம். மலரில் ராணுவ எண், பி.பி.ஓ. எண், முழுப் பிறந்த தேதி மூன்றையும் சேர்த்துப் போடாதீர்கள். பென்ஷன் மோசடிக்காரர்களுக்கு அது போதும். யூனிட் பெயரும் பணியாற்றிய வருடங்களும் போட்டாலே உடன் இருந்தவர்கள் அடையாளம் கண்டு போன் செய்வார்கள்.