முற்றத்தைத் திறந்துவிடுங்கள், தம்பி

தம்பி, பாரிசுக்கு வந்து எட்டு மாதமாகிறது, கையில் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது, திருப்பாதிரிப்புலியூர் வீட்டை இடித்துவிட்டுப் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்து வெளிச்சமாகக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவும் தங்கையும் பகலிலேயே டியூப் லைட் போட்டுக்கொண்டு இருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

இடிக்காதீர்கள். நான் புதுச்சேரியிலிருந்து பாரிஸ் பக்கத்து சார்செல் வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. இதே ஆசையில் ஒரு தவறு செய்தவள் என்பதால் சொல்கிறேன்.

இங்கே கண்ணாடி மேல் ஆசை வருவது இயல்பு. டிசம்பர் நண்பகலில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து 20 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. தெற்கு ஜன்னலில் நுழையும் வெயில் எதிர்ச்சுவர் வரை வந்து விழும், அதற்காக ஏங்குவோம். நம் ஊரில் சித்திரை பிறந்த ஒரு வாரத்தில் அதே சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அதை யோசிக்காமல் மாடி அறையில் மேற்குப் பக்கம் ஆறடிக் கண்ணாடி வைக்கப் பணம் அனுப்பினேன். மேஸ்திரி மறுபேச்சில்லாமல் வைத்துக் கொடுத்தார். மூன்று மணிக்கு மேல் அம்மாவால் அங்கே நிற்க முடியவில்லை. பழைய புடவையைக் கட்டி மறைத்திருந்தது ஊருக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மகள் மனம் நோகும் என்று போனில் சொல்லவே இல்லை.

எங்கள் வீட்டு முற்றத்தை, 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் கூரை ஓடுகளை வாரிக்கொண்டு போன பிறகு, அப்பா ஆஸ்பெஸ்டாஸ் போட்டு மூடிவிட்டார். பயத்தில் செய்தது. ஆனால் திண்ணை, நடை, முற்றம், கூடம் என்று நீளமாகப் போகும் வீட்டில், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நிற்கும்போது, வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் மேலே இருக்கும் அந்தச் சதுரம்தான் வழி. உங்கள் வீட்டிலும் மூடிய முற்றம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இருந்தால் அந்தத் தகட்டை உடைக்க விடாதீர்கள். தூள் நுரையீரலுக்கு ஆகாது, பிரான்சில் 1997 முதல் ஆஸ்பெஸ்டாசுக்குத் தடை. தண்ணீர் தெளித்து, முழுசாக இறக்கச் சொல்லுங்கள், ஆட்களுக்கு நல்ல முகக்கவசம் கொடுங்கள். நாங்கள் முற்றத்துக்கு மேல், சுற்றுக்கூரையைவிட ஒன்றரை அடி உயர்த்தி, வெளிச்சம் விடும் பாலிகார்பனேட் தகடு போட்டோம். நாலு பக்கமும் வலை மட்டும். சூடான காற்று அதன் வழியே போய்விடுகிறது. தகடு வெளியே இரண்டடி நீள்வதால் சாரலும் அவ்வளவாக இல்லை. திருடர் பயத்துக்குக் கீழே கம்பி. உப்புக்காற்றில் சாதாரண இரும்பு தாங்காது, 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள், விலை கூடத்தான். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்ட் பூச வேண்டாம், ஈரம் உள்ளேயே நின்று உப்புப் பூத்து உதிரும்.

வந்த புதிதில் நான் 9 சதுர மீட்டர் அறையில் இருந்தேன். அந்தச் சின்ன அறைக்கே வெளியே திறக்கும் ஜன்னல் இருந்தாக வேண்டும் என்கிறது இங்கத்திய வாடகைச் சட்டம். எங்கள் அம்மா தூங்கிய நடு அறைக்கு அது இல்லை. இது இன்னமும் என் மனதை உறுத்துகிறது.

வீட்டில் இட நெருக்கடியும் இருந்தால், அதற்கு முக்கால்வாசிக் காரணம் பரண். ஆனால் அதை வீடியோ காலில் காலி செய்யச் சொல்லாதீர்கள். நீங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தவலையையும் அண்டாவையும் ஒவ்வொன்றாக இறக்குங்கள், எது வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும். ஆகஸ்ட் லீவில் போனால் பரண், கூரை இரண்டு வேலையும் நடக்கும். கூரை வேலை ஐப்பசி மழைக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும்.

அதற்கு முன் தங்கையிடம் ஒரு வேலை சொல்லுங்கள். காலை பத்து மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்து அனுப்பட்டும். லைட் எதையும் போடாமல்.