லா பாஸில் முதல் நாள் ஏற்றம் வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 27. ஜூன் மாதம் முதுகுப்பையோடு தனியாகத் தென் அமெரிக்கா கிளம்புகிறேன். முதல் ஊர் பொலிவியாவின் லா பாஸ். அங்கே நான்கு நாள்தான். காலையில் விமானம் இறங்கியதுமே சுற்ற ஆரம்பித்துவிடலாமா? ஸ்பானிஷ் தெரியாது. சைவம் வேறு.
- வாசகர், திருநெல்வேலி

பதில்: தம்பி, இறங்கியதும் சுற்றுகிற யோசனையை முதலில் விட்டுவிடுங்கள். விமான நிலையம் இருப்பது எல் ஆல்ட்டோவில், 4,000 மீட்டருக்கும் மேலே. லா பாஸ் அதற்குக் கீழே ஒரு பெரிய கிண்ணம்போலக் கிடக்கிறது. நகரத்தின் நடுப்பகுதியே ஏறக்குறைய 3,600 மீட்டர். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

நான் போன முதல் நாள், பையை விடுதியில் போட்டுவிட்டு சகார்னகா தெருவில் விறுவிறுவென்று ஏறினேன். பாதி ஏற்றத்தில் மண்டை இடித்தது, கால் பின்னியது. ஒரு கம்பளிக் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்கார அம்மா ஒன்றும் கேட்காமல் ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார். என்னைப்போல் எத்தனை பேரைப் பார்த்திருப்பாரோ! ராத்திரி முழுக்க வாந்தி. மறுநாளும் படுக்கையிலேயே போயிற்று.

அதனால் முதல் நாள் தூக்கம், தண்ணீர், கொஞ்சமாகச் சாப்பாடு, அவ்வளவுதான். மது கூடவே கூடாது. முடிந்தால் தெற்குப் பகுதியான சோனா சூரில் அறை எடுங்கள். நடு ஊரைவிட முந்நூறு மீட்டராவது தாழ்வு, தூக்கம் வரும். உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்கும் அசெட்டசோலமைட் மாத்திரை உங்களுக்குச் சரிப்படுமா என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ பொறுத்துப் பார்க்காதீர்கள். உடனே மருத்துவரிடம் போங்கள், தாழ்வான இடத்துக்கு இறங்குங்கள். கோகா இலைத் தேநீர் எங்கும் கிடைக்கும், அங்கே சட்டப்படி சரி. ஆனால் ஒரு இலைகூடப் பையில் வைத்து ஊருக்குக் கொண்டுவராதீர்கள், இங்கே அது குற்றம்.

இரண்டாம் நாள் டெலிஃபெரிக்கோவில் ஏறுங்கள். 2014இல் தொடங்கிய கம்பிவட ஊர்தி அது. சுற்றுலாவுக்கென்று கட்டியதில்லை, ஊர்க்காரர்களின் டவுன் பஸ்ஸே அதுதான். பழைய ரயில் நிலையத்தருகே சிவப்புத் தடத்தைப் பிடித்தால், செங்கல் வீடுகளின் கூரைகளுக்கும் பெரிய கல்லறைத் தோட்டத்துக்கும் மேலாக எல் ஆல்ட்டோ கொண்டுபோய் விடும். எதிரே, கனத்த பாவாடையும் வட்டத் தொப்பியுமாக, முதுகில் வண்ணத் துணி மூட்டை கட்டிய ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். வானம் தெளிவாக இருந்தால் 6,400 மீட்டருக்கு மேல் நிற்கும் இல்லிமானி பனிமலை தெரியும். மேலே ஏறுவதற்கு இந்த ஊர்தி, இறக்கத்துக்கு மட்டும் கால் என்று வைத்துக்கொண்டால் அந்த ஊர் வசப்பட்டுவிடும். வியாழனோ ஞாயிறோ என்றால் மேலே பெரிய சந்தை கூடும். அந்த நெரிசலில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

சைவம் என்று கவலைப்பட வேண்டாம். சான் பிரான்சிஸ்கோ தேவாலயம் அருகே லான்சா மார்க்கெட்டில் வரிசையாகப் பழச்சாறு கடைகள். குடித்து முடித்ததும் "யாப்பா, கசேரித்தா" என்று சொல்லுங்கள். யாப்பா என்றால் நம் கொசுறுதான், கசேரித்தா என்பது கடைக்கார அம்மாவைப் பிரியமாகக் கூப்பிடுவது. மிக்ஸியில் மிச்சமிருப்பதைச் சிரித்துக்கொண்டே உங்கள் தம்ளரில் ஊற்றுவார்கள். எனக்கு அந்த ஊரில் முதலில் வாய்த்த சொல் அதுதான். குளிரும் காலையில் ஊதாச் சோளத்தில் காய்ச்சிய சூடான அப்பியும், பாலாடைக்கட்டி வைத்துப் பொரித்த பாஸ்டெலும் நன்றாக இருக்கும். உள்ளே பூரணம் வைத்துச் சுட்ட சால்டெனியாவில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், போலீஸ் என்று சொல்லி யாராவது பாஸ்போர்ட்டைக் கேட்டு வண்டியில் ஏறச் சொன்னால் ஏறாதீர்கள். அது பழைய ஏமாற்று. நகலை மட்டும் காட்டி, ஆள் நடமாட்டமுள்ள கடைக்குள் போய்விடுங்கள். ஜூன் அங்கே குளிர்காலம், ராத்திரியில் கிட்டத்தட்ட உறைநிலைக்குப் போகும். ஆனால் பகல் வெயில் தோலை உரிக்கும். தொப்பியும் கம்பளியும் இரண்டும் வேண்டும்.

கடைசியாக, பலரும் மறந்துவிடுகிற ஒன்று. பொலிவியாவிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்பார்கள். இல்லையென்றால் தனிமைப்படுத்தி வைப்பார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அங்கீகாரம் பெற்ற மையத்தில் இந்த மாதமே போட்டுக்கொள்ளுங்கள்.