ஓரடி வரப்பு

கேள்வி: மாமனார் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. பாகம் பிரித்த வயலில் ஓரடி வரப்புக்காக என் கணவரும் அவருடைய அண்ணனும் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். இந்த மண்ணுக்கா ஐயா இத்தனை சண்டை?
— ஒரு வாசகி, மேலூர்

பதில்: மண்ணுக்கு இல்லை அம்மா. 31 வருஷம் சர்வேயராக இருந்தவன் சொல்கிறேன். வரப்பு 180 அடி நீளம் என்றால் ஓரடிக்கு 180 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அரை சென்ட்கூடத் தேறாது. வக்கீல் செலவுக்கே காணாது.

வரப்பு நகர யாரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. நடவுக்கு முன் அண்டை வெட்டும்போது, அதாவது வரப்பின் ஓரத்தைச் செதுக்கும்போது, ஒவ்வொரு தடவையும் ஒரு விரற்கடை மண் போகும். பத்துப் பன்னிரண்டு போகத்தில் அரை அடி தாண்டிவிடும்.

ஒருமுறை இப்படித்தான் அளந்தேன். தம்பி பக்கம் முக்கால் அடி குறைந்தது. சொன்னதும் அண்ணன் மண்வெட்டியைக் கீழே போட்டார். "இவன் படிக்கணும்னு நான் எட்டாவதோட நின்னேன் சார். அம்மா ஆஸ்பத்திரியில கிடந்த 18 நாளும் நான் ஒருத்தன்தான் இருந்தேன்." தம்பிக்குக் குரல் உடைந்துவிட்டது. "அம்மாவுக்கு முடியலன்னு எனக்கு யாருண்ணே சொன்னீங்க?" வரப்பைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்குக் கல் ஊன்றாமல் திரும்பிவிட்டேன். மறுவாரம் போனபோது டேப்பின் மறுமுனையைத் தம்பி பிடித்துக்கொண்டார். முழுசாகப் பேச்சு வந்ததா என்றால், இல்லை.

உங்கள் வீட்டிலும் தாலுகா ஆபீஸில் மனுப் போட்டு, புலப்படத்தை, அதாவது வயலின் எல்லை அளவுகள் குறித்த அரசாங்க வரைபடத்தை, வைத்து அளந்து, கல் ஊன்றிக்கொள்ளுங்கள். அது அவசியம். ஆனால் அதற்கு முன்னால், அண்ணன் மேல் உண்மையில் என்ன மனத்தாங்கல் என்று உங்கள் கணவரிடம் கேளுங்கள். வரப்பைச் சொன்னால், அதற்கு முந்தியது என்ன என்று கேளுங்கள்.

அப்புறம், அவருக்குக் கூடப்பிறந்த பெண்கள் இருந்தால் அவர்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கும் பங்கு என்று 1989-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. இன்னமும் பல வீடுகளில் கையெழுத்துக்கு மட்டும்தான் அவர்களைத் தேடுகிறார்கள். அந்த வருத்தத்தை எத்தனையோ பெண்களின் முகத்தில் நான் பார்த்திருக்கிறேன்.