ரஷ்ய ஸ்டீல் கோடீஸ்வரர் அலெக்ஸி மோர்தாஷோவ் எப்படி இவ்ளோ பெரிய ஆள் ஆனாரு?

பரம்பரை காசுன்னு பலர் நினைக்கிறாங்க, அதெல்லாம் இல்லீங்க. 1965ல ரஷ்யாவுல செரெபோவெட்ஸ்ங்கிற ஊருல பிறந்தவரு, அப்பா அம்மா ரெண்டு பேரும் அந்த ஊரு ஸ்டீல் ஆலையிலதான் வேலை. லெனின்கிராட்ல படிச்சிட்டு 1988ல இவரும் அதே ஆலையில எகனாமிஸ்ட்டா சேர்ந்தாரு, 1992ல ஃபைனான்ஸ் டைரக்டர், அப்பதான் தனியார்மயம் வந்து தொழிலாளிங்க கையில ஷேர் இருந்துச்சு, அதையெல்லாம் வாங்கிக் குவிச்சு 1996ல ஆலைக்கே தலைவரு (சாமர்த்தியமா, இல்ல வேற மாதிரியான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க).

அதுதான் செவர்ஸ்டால். 2004ல அமெரிக்காவுல ஒரு காலத்துல ஃபோர்டோடதா இருந்த ரூஜ் ஸ்டீல வாங்கினாரு, 2006ல ஐரோப்பிய ஸ்டீல் கம்பெனி ஆர்செலரோட சேரப் பாத்தாரு, நம்ம லட்சுமி மிட்டல் தட்டிட்டுப் போயிட்டாரு. 2014ல அமெரிக்க ஆலைகள வித்துட்டாரு.

ஸ்டீல் தவிர நார்ட்கோல்ட் தங்கச் சுரங்கம், லென்டா சூப்பர்மார்க்கெட், டுயி டூரிசம் கம்பெனியில மூணுல ஒரு பங்கும் வச்சிருந்தாரு. 2022ல உக்ரைன் போரால ஐரோப்பா இவர் மேல தடை போட்டதும் இத்தாலிக்காரங்க அவரோட லேடி எம் சொகுசுப் படகப் புடிச்சிட்டாங்க, அதவிடப் பெருசான 142 மீட்டர் நோர்டு மட்டும் தப்பிச்சு ரஷ்யாவோட விளாடிவோஸ்டாக் துறைமுகத்துக்குப் போய்ச் சேந்துருச்சு.